உறுமல் நின்ற பெட்டி

காலை பத்து மணிக்கு எங்கள் பட்டறைக்கு டீ வரும். டீ குடிக்காமல் யாரும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை. அவசரக்காரர்கள் யாரும் அங்கே இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். நான் செய்ததும் அவசரத்தில் செய்ததல்ல.

காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்க்கிறோம். ஆள் உயர மரப்பெட்டி, முன்னால் காசு விழும் இரும்புக் கதவு. திரை மாப்பிள்ளையின் வேலை. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். சத்தம் என் வேலை. வாடிக்கையாளர் வந்தால் முதலாளி என்னைக் காட்டி, “இவருக்குப் பாம்புச் செவி” என்பார். அதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல யாருக்கும் வேறொன்றும் இருந்ததில்லை.

ஒரு பெட்டி மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது. ஆட்டம் நடக்காதபோதும் ஸ்பீக்கர் உறுமுகிறது என்றார் விளையாட்டுக்கூடத்துக்காரர். கெபாசிட்டர்களை மாற்றியிருந்தேன். ஸ்பீக்கரையே மாற்றியிருந்தேன். எனக்கு உறுமல் கேட்கவில்லை. தாழ்ந்த சத்தங்கள் சில காலமாக என்னிடம் வருவதில்லை. பேச்சு வரும். முகம் தெரிந்தால் நன்றாகவே வரும்.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன மச்சான், இப்படி உறுமுது. கேக்குதா?”

“கேக்குதே.”

அவர் பெட்டியின் பின்னால் குனிந்து ஏதோ செய்தார்.

“இப்ப?”

“கொஞ்சம் குறைஞ்சிருக்கு.”

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி விரலில் சுற்றி வைத்திருந்தார்.

முதலில் சிரித்தார். “இத்தனை நாளா செவிடன் காதுல சங்கு ஊதிட்டு இருந்திருக்கேன் பாருங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “விடுங்க மச்சான். டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். முதலாளிகிட்டயும் பக்குவமா சொல்லிடறேன். நீங்க திரையைக் கத்துக்கங்க, நான் சத்தத்தைப் பாத்துக்கறேன்.”

நல்ல மனிதர். அதை மறுக்க நான் இங்கே வரவில்லை.

“இந்தப் பெட்டியைக் கொடுத்துட்டு வந்து சொல்லுங்க,” என்றேன். சரி என்றார்.

உறுமலை நானே நிறுத்திவிட்டால் அவர் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். காதால் கேட்காமலே அதை நிறுத்த ஒரு வழி உண்டு. எர்த் ஒயரை வெட்டினால் பல பெட்டிகளில் நின்றுவிடும். தொழிலில் எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. உள்ளே கரண்ட் கசிந்தால் அது தரைக்குப் போக இருக்கிற ஒரே வழி அந்த ஒயர்.

வெட்டினேன். காசுக்கதவில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. உள்ளே கசிவு இருந்திருக்கிறது. பெட்டியைப் பூட்டி வண்டியில் ஏற்றச் சொன்னேன்.

நாங்கள் போனபோது கூடம் இன்னும் திறக்கவில்லை. காவலாளி மறுகோடியில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை காசுக்கதவில் ஒரு கையை ஊன்றி ஸ்பீக்கரில் காதை வைத்தார். காலில் ரப்பர் செருப்பு. ஒன்றும் ஆகவில்லை.

“சுத்தமா நின்னுடுச்சே. என்ன பண்ணீங்க?”

நான் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டேன்.

“இருந்தாலும் காதைக் காட்டித்தான் ஆகணும், மச்சான். சாயங்காலம் முதலாளிகிட்ட பேசிடறேன்.”

“பக்கத்துப் பெட்டியோட ஒத்துப் பாருங்க, மாப்பிள்ளை,” என்றேன். “ரெண்டு கதவுலயும் கை வச்சா அதிர்வு தெரியும்.”

பக்கத்துப் பெட்டிக்கு எர்த் சரியாக இருந்தது; ஒரு கையில் ஏறும் கரண்ட் மறு கை வழியாக அதில் இறங்கும். வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்த்திருந்தேன்.

நான் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. பிளக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. காவலாளி ஓடி வருவது தெரிந்த பிறகு அதைப் பிடுங்கினேன்.

பழைய பெட்டி, பழைய ஒயர் என்றார்கள். மாப்பிள்ளையின் சாவை விபத்து என்று முடித்தார்கள். என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நேற்று தங்கை அந்தக் காவலாளியைப் போய்ப் பார்த்திருக்கிறாள். இன்று வந்து என் எதிரில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது உண்மையும்கூட. அவள் நம்பியிருப்பாள். நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஆனால் அதன் பிறகு பட்டறையில் அதுதான் பேச்சாக இருக்கும். எழுந்து நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

ஒயரை எழுதுங்கள். டெஸ்டரை எழுதுங்கள். நான் சொல்லித்தான் அவர் கை வைத்தார் என்பதையும் எழுதுங்கள். காதைப் பற்றி மட்டும் வேண்டாம். எல்லாம் கேட்டது, கேட்டுக்கொண்டுதான் நின்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கேட்டது இதுதான்:

“அண்ணா, அவர் அவ்வளவு நேரம் முனகினாராமே. பக்கத்துலயே நின்னியே, உனக்குக் கேக்கலையா?”