மெஷினுக்குக் காடி

அஜிதா: மாமி, இஞ்ச வாங்க. இந்த மெஷினுக்குள்ள தலைய விட்டு ஒரு மூச்சு இழுத்துப் பாருங்க.

வியாகுலம்மாள்: நான் புட்டுக்கு மாவு நனைச்சிட்டு நிக்கேன் பிள்ளே. கை ஒழியல்ல.

அஜிதா: கை வேண்டாம், மூக்கு போதும்.

வியாகுலம்மாள்: உனக்க மூக்கு இருக்குல்லா? சின்ன வயசு மூக்கு. நல்லா வேல செய்யும்.

அஜிதா: மாமி…

வியாகுலம்மாள்: செரி, வாறேன், வாறேன். கத்தாத. எங்க, இதுக்குள்ளயா… அய்யோ எனக்க மாதாவே!

அஜிதா: நாறுதா?

வியாகுலம்மாள்: கொஞ்சம் போல.

அஜிதா: கொஞ்சம் போலயா! இதுல அலசின துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சேன். திரும்பவும் போய் குளிச்சிட்டு வாறேன். நேத்து வரைக்கும் ஒரு மாதிரி அழுகின நாத்தம்தான். இன்னிக்கு அது போதாதுன்னு மாட்டுத் தொழுவம் போல… நான் வேலைக்குப் போன எடத்துல இருந்து போன்ல சொன்னேன்லா, அது போல செய்தீங்களா?

வியாகுலம்மாள்: செய்யாம? வாசிங் மெஷின்ல ஊத்தி, சுடு வெள்ளத்துல ஓட விடுங்கன்னு சொன்ன. ரெண்டு செம்பு ஊத்தினேன். ஒரு துணியும் போடல்ல. சும்மா சுத்துச்சு சவம்.

அஜிதா: ரெண்டு செம்பா? குப்பியில அவ்வளவு கெடையாதே.

வியாகுலம்மாள்: எந்தக் குப்பி?

அஜிதா: அடுப்பங்கரையில, உப்புப் பரணிக்குப் பக்கத்துல… வாங்கி வச்சிருந்தேன்லா… அய்யோ, அது மூடி திருகாம அப்படியே இருக்கு! அப்போ நீங்க எங்கிருந்து எடுத்தீங்க?

வியாகுலம்மாள்: ரோட்டுக்கு அங்க நம்ம தாணுமாலயன் வீட்டுல. பசுவுக்கு வச்சிருந்தாரு. கேட்டதும் தந்தாரு, தங்கமான மனுஷன். என்னத்துக்குன்னு கேட்டாரு, மெஷினுக்குன்னேன். அப்பறம் ஒண்ணும் கேக்கல்ல.

அஜிதா: மாமி… நீங்க என்னத்த ஊத்தினீங்க?

வியாகுலம்மாள்: காடி. நீதானே சொன்ன.

அஜிதா: நான் வினாகிரின்னு சொன்னேன்!

வியாகுலம்மாள்: மொதல்ல அப்படித்தான் என்னமோ கிரின்னு சொன்ன. எனக்குத் தெரியல்லன்னேன். அப்பறம் நீதான், அதான் மாமி, காடி, சிலுவையில ஆண்டவரு தாகமா இருக்குன்னப்போ கடல்பஞ்சுல முக்கிக் குடுத்தாங்கள்லா அதுன்னு…

அஜிதா: ஆமா, அதுதான்!

வியாகுலம்மாள்: அதத்தானே ஊத்தினேன்! அரி கழுவின தண்ணி, பழங்கஞ்சி, கொஞ்சம் புண்ணாக்கு. நல்லாப் புளிச்சு நுரச்சு நின்னுது.

அஜிதா: அது மாட்டுக்கு வைக்கிற காடி! ஆண்டவருக்குக் குடுத்தது வேற காடி, மாமி. புளிச்ச திராட்சை ரசம்.

வியாகுலம்மாள்: போ பிள்ளே.

அஜிதா: உள்ளதத்தான் சொல்லுகேன்.

வியாகுலம்மாள்: அப்போ அது… கழுநீர் இல்லியா?

அஜிதா: இல்ல.

வியாகுலம்மாள்: புண்ணாக்கும் இல்லியா?

அஜிதா: மாமி!

வியாகுலம்மாள்: சிரிக்காத. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் நான் அழுறது முள்முடிக்குக்கூட இல்ல, இதுக்குத்தான். கடைசியா ஒரு வாய் நனைக்கக் கேட்ட மனுஷனுக்கு மாட்டுக்கு வச்சதக் கொண்டு நீட்டினானுவளேன்னு… நெஞ்சுல அடிச்சு அழுதிருக்கேன். பக்கத்துல நிக்கவளுவளும் என்னப் பாத்து அழுவாளுவ. அவ்வளவும் வீணா?

அஜிதா: வீணாப் போவாது. அவருக்குத் தெரியும் நீங்க எந்தக் காடிக்கு அழுதீங்கன்னு… அய்யோ, எனக்கு வயிறு வலிக்குது.

வியாகுலம்மாள்: சிரி, சிரி. ஒனக்க மாப்பிள்ள வந்து மோந்து பாக்கும்போ தெரியும்.

அஜிதா: அதானே! உங்க மவன் வண்டி ஏறியாச்சு. களியக்காவிளை தாண்டிட்டேன்னு மெசேஜ் வந்தது. வெளிநாட்டுல இருந்து ரெண்டு வருஷம் கழிச்சு வாற மனுஷன், பெட்டித் துணியெல்லாம் இதுலதான் போடணும். நவுருங்க, இந்த ரப்பரத் தொடைக்கட்டு. இந்த மடிப்புக்குள்ள பாருங்க, கறுப்பா வழுவழுன்னு…

வியாகுலம்மாள்: நான் தொடைக்கேன். நீ போய் பவுடர் போட்டுட்டு நல்ல துணி மாத்து. போ.

அஜிதா: அடியில ஒரு சின்ன கதவு இருக்கும், அதுக்குள்ள ஒரு வடிகட்டி, அதயும் கழட்டிக் கழுவணும்னு அந்த வீடியோவுல…

வியாகுலம்மாள்: அதத் தொறக்காண்டாம்!

அஜிதா: ஏன்?

வியாகுலம்மாள்: கரண்டு அடிக்கும்.

அஜிதா: ப்ளக்க உருவியாச்சு.

வியாகுலம்மாள்: வெள்ளம் கொட்டும்.

அஜிதா: தட்டம் வச்சாச்சு.

வியாகுலம்மாள்: பல்லி இருக்கும் பிள்ளே. உனக்குப் பல்லின்னா பேடியில்லியா?

அஜிதா: நீங்க எதுக்கு இவ்வளவு வெப்ராளப்படுகீங்க? கைய விடுங்க… இந்தா கழண்டுட்டு… ச்சீ! என்னது இது மினுமினுன்னு?

வியாகுலம்மாள்: உனக்க சுடிதார்ல உள்ள ஜிகினா.

அஜிதா: ஜிகினாவுக்கு மீன் நாத்தம் உண்டா?

வியாகுலம்மாள்: ஒவ்வொரு கடையில ஒவ்வொரு மாதிரி.

அஜிதா: இது செதில் மாமி. ஒரு கை நெறைய இருக்கு. இது என்ன… இறால் மீசையா?

வியாகுலம்மாள்: கடப்புறத்துல வீடு. மீன் திங்கிற வீடு. செதில் வராம வேற என்ன வரும்?

அஜிதா: மீன மெஷின்லயா அலசித் திங்கோம்? காலம்பற தினமும் எங்க போறீங்க?

வியாகுலம்மாள்: பூசைக்கு.

அஜிதா: பங்குச் சாமி ஞாயித்துக்கெழம கேட்டாரு, மாமிக்கு உடம்புக்கு முடியல்லியா, காலைப் பூசைக்குக் காணல்லியேன்னு.

வியாகுலம்மாள்: நான் பின்னால நிப்பேன். அவருக்குத் தூரத்துப் பார்வை கொறவு.

அஜிதா: பூசைக்குப் போறவங்க சும்மாடு கொண்டு போவாங்களா? அதத் துண்டுக்குள்ள சுருட்டி வச்சிட்டுப் போறத நான் பாத்திருக்கேன்.

வியாகுலம்மாள்: அது தலைக்கு இல்ல பிள்ளே. முழங்காலுக்கு. தரையில முட்டுபோட்டா வலிக்கும்லா.

அஜிதா: செரி. இரணியல்ல எந்தக் கோயில்ல பூசை? எங்கூட வேல பாக்கிற நந்தனா, அவ வீட்டு நடையில நீங்க சாளை மீனு கூறு வச்சு வித்திட்டு இருந்ததப் பாத்திருக்கா.

வியாகுலம்மாள்: நந்தனா… அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளையா? நல்ல பிள்ளை. பேரமே பேசாது.

அஜிதா: மாமி!

வியாகுலம்மாள்: … அய்யோ.

அஜிதா: அந்த மீன் சேலையத்தான் நான் வேலைக்குப் போன பொறவு இதுல போட்டு அலசுகீங்க.

வியாகுலம்மாள்: வெளியில கொடியில போட்டா ஊருக்குத் தெரியும்லா. இதுன்னா மூடி வச்சு அலசும்… நான் என்ன செய்யணும் சொல்லு. நீ போனா வீட்டுல நானும் டிவியும். அது பேசிட்டே இருக்கும், நான் என்ன சொன்னாலும் கேக்காது. இரணியல் பக்கம் போனா நாலு நடையில ஏறி எறங்குவேன். ஒருநாள் போகல்லன்னா, வியாகுலம் எங்கன்னு தேடுவாளுவ. ஒருத்தி சாயா தருவா, ஒருத்தி மருமவளப் பத்திக் குத்தம் சொல்லுவா…

அஜிதா: நீங்க?

வியாகுலம்மாள்: நான் கேட்டுட்டு இருப்பேன். சில நேரம் நானும் ஒண்ணு ரெண்டு சொல்லுவேன்.

அஜிதா: நல்லா இருக்கு! உங்க மவன் சொன்னது ஓர்மை உண்டுல்லா? இனி மீன் சருவம் அம்மைக்க தலையில இருக்குன்னு கேட்டா, அடுத்த ரயில்ல கொண்டு பெங்களூர்ல அக்காவுக்க ஃபிளாட்டுல விட்டுடுவேன்னு.

வியாகுலம்மாள்: ஒம்பதாம் மாடி பிள்ளே அது! ஜன்னலத் தொறந்தா அடுத்தவனுக்க ஜன்னல். கடலு எந்தப் பக்கம்னு கேட்டேன், லிஃப்டக் காட்டுனா. அங்க போனா நான் ஒரு மாசம் தாங்க மாட்டேன். அவனுக்குச் சொன்னாப் புரியல்ல. நான் ஏசி ஆபீஸ்ல உக்காந்து வேல பாக்கேன், எனக்க அம்மைக்கு இனி மீன் நாத்தம் என்னத்துக்குன்னு கேக்கான். இந்த மெஷின வாங்கிப் போட்டதே அந்த நாத்தம் போகத்தான்.

அஜிதா: அதுக்குள்ளயே கொண்டு வச்சிட்டீங்க.

வியாகுலம்மாள்: அவங்கிட்ட சொல்லுவியா?

அஜிதா: சொல்லணும்னா எப்பவோ சொல்லியிருப்பேன். எனக்கு மழைக்கு முந்தியே தெரியும்.

வியாகுலம்மாள்: ஏட்டி கள்ளி! பொறவு ஏன் வாயத் தொறக்கல்ல?

அஜிதா: பூசைக்குப் போயிட்டு வாற நீங்க, வரும்போ ஒரு நெய்மீன் தலையோட வாறீங்க. தின்னுட்டு, இத எந்தப் புண்ணியவாளன் கோயில்ல தந்தான்னு கேக்க எனக்கென்ன பைத்தியமா?

வியாகுலம்மாள்: நான் ஒனக்குத் தெரியாதுன்னு, ஒளிச்சு ஒளிச்சு…

அஜிதா: பேச்ச விடுங்க. நீங்க செதிலக் கழுவுங்க, நான் ரப்பரத் தேய்க்கேன். இந்தக் குப்பிய முழுசா உள்ள விடுங்க. மோந்து பாருங்க, இதுதான் ஆண்டவருக்குக் குடுத்தது.

வியாகுலம்மாள்: இதுவா? … இதுக்குக் காடியே பரவாயில்ல.

அஜிதா: போட்டாச்சு. ஓடுது. இது நின்னதும் கதவச் சாத்தாண்டாம், தொறந்தே கெடக்கட்டு, காத்து கேறணும். பொறவு, இனி மீன் சேலைய மொதல்ல பின்னால கல்லுல அலசிட்டு, உதறி, செதில் போன பொறவுதான் இதுல போடணும். கேட்டியளா?

வியாகுலம்மாள்: இனியா? அப்போ நான் போவலாமா பிள்ளே?

அஜிதா: அவரு லீவு முடிஞ்சு போற வரைக்கும் நெசமான பூசைக்குப் போங்க. பொறவு… வண்டிச் சத்தம் கேக்குது! எழும்புங்க, எழும்புங்க!

வியாகுலம்மாள்: முட்டு பிடிச்சிட்டு பிள்ளே, கையக் குடு…

சிஜோ: எம்மா! … என்ன ரெண்டு பேரும் மெஷினுக்கு முன்னால முழங்கால்ல நிக்கீங்க? குடும்ப செபமா?

அஜிதா: வாங்க, வாங்க! சும்மா கழுவினோம். ரொம்ப மெலிஞ்சிட்டீங்க…

சிஜோ: இதென்ன ஒரு நாத்தம்?

வியாகுலம்மாள்: காடி மக்கா.

அஜிதா: வினாகிரி.

வியாகுலம்மாள்: ரெண்டும் ஒண்ணுதான்.

அஜிதா: ரெண்டும் வேற!

சிஜோ: அதில்ல. மீன் நாத்தம். எம்மா, என்னப் பாரு. நீ திரும்பவும் சருவம் எடுத்தியா?

வியாகுலம்மாள்: கடலுக்குப் பக்கத்துல வீட்ட வச்சிட்டு பிச்சிப்பூவா மணக்கும்? நீ மொதல்ல உக்காரு, சாயா குடி.

அஜிதா: அந்தப் பெட்டிய இஞ்ச தாங்க, மெஷின் நின்னதும் துணியப் போடுகேன்.

சிஜோ: பெட்டிய விடு. நானே பொறவு அலசிக்கிடுகேன்.

அஜிதா: நீங்களா! மூக்கு தொடைக்கிற ஒரு கைலேஞ்சி அலசினது உண்டா? தாங்க இஞ்ச…

சிஜோ: ஏட்டி, அதத் தொறக்காத! அது ட்யூட்டித் துணி… கடைசி நேரம் மாத்தி அப்படியே திணிச்சு… அஜிதா!

அஜிதா: ப்பூ! மாமி, இஞ்ச வாங்க. மெஷினே தேவல.

வியாகுலம்மாள்: நவுரு… ம். இது எனக்க சேலையில உள்ளது இல்ல. நான் கொண்டு போறது சாளையும் நெத்திலியும்…

சிஜோ: கொண்டு போறதா? எங்க கொண்டு போற?

வியாகுலம்மாள்: அத பொறவு பேசுவோம், நீ சும்மா நில்லு. இது பெரிய மீனு. நெய்மீன் இல்ல, சூரை இல்ல. ஐஸுல கெடந்தது. நம்ம கடலுல உள்ளதும் இல்ல. மக்கா சிஜோ, அம்மைகிட்ட உள்ளதச் சொல்லு… ஒனக்க ஆபீஸ்ல எந்த மீனு உக்காந்து வேல செய்யுது?

சிஜோ: … ஹமூர்னு அங்க உள்ள மீனும்மா. நம்ம களவா போல இருக்கும். ஆபீஸும் இல்ல, ஏசியும் இல்ல… மீன் மார்க்கெட்டுல ஐஸுக்கு நடுவுல நின்னு நான்தான் வெட்டிக் குடுக்கேன்.