ரெண்டு ரவுண்டு மூளை

— ஊதுங்க.

— என்னது?

— வாயைத் தொறந்து ஊதுங்கன்னேன்.

— ஏ அறிவு, காலங்காத்தால மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்ற மனுசனை வாசப்படியிலயே நிறுத்தி... போலீஸ்காரி மாதிரி! மொதல்ல இந்தக் காய்கறிக் கூடையப் பிடி. பிடிச்சு அக்கட்ட வை, கால்ல தட்டுது. யப்பா... முருங்கைக்காயே அம்புட்டு கனம்.

— வச்சாச்சு. ஊதுங்க.

— ஹா... போதுமா?

— ஏலக்காய் வாசம்.

— வாயில ஏலக்காய் கெடந்தா ஏலக்காய் வாசம்தான் வரும்.

— ஏனுங்க வெள்ளனயே ஏலக்காய்? எங்கயாவது பாயசம் ஊத்துனாங்களா?

— பல்லு வலி.

— பல்லு வலிக்குக் கிராம்பு. ஏலக்காய் எதுக்குன்னு திண்டுக்கல்லுக்கே தெரியுமுங்க, ஆனந்த்ராஜ் சார்.

— நேரமாச்சு, கெளம்பு. குருத்து ஞாயிறு. பூசைக்கு ரெண்டாம் மணி அடிக்கப் போறாங்க. லேட்டாப் போனா கைக்கு ஓலைகூட மிஞ்சாது.

— பூசைக்குப் போலாம். அதுக்கு முன்ன இது என்னன்னு சொல்லீட்டுப் போலாம்.

— எது?

— இந்த பாட்டில். உங்க லேப்டாப் பையில, சார்ஜருக்கு அடியில, துண்டைச் சுத்தி... பச்சப்புள்ளையப் படுக்க வச்ச மாதிரி வச்சிருந்தீங்களே, அதுதான். பாதி காலி.

— நேத்து ரெண்டே ரெண்டு ரவுண்டு.

— தவசு காலத்துல! கறியை விட்டீங்க. மீனை விட்டீங்க. முட்டை போட்ட கேக்குகூட வேணாம்னு உங்கக்காகிட்டப் பெருமை பேசுனீங்க. இதை மட்டும் விட முடியல. கறி தின்னா பாவம், குடிச்சா புண்ணியமா?

— கறி தின்னா புரோகிராம் வருமா? அதைச் சொல்லு.

— வந்துட்டாருய்யா!

— சிரிக்காத. ரெண்டு ரவுண்டு வரைக்கும் மூளையில கதவு ஒவ்வொண்ணாத் தொறக்கும். மூணாவது ரவுண்டுல படக்குன்னு சாத்திக்கும். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒரு செத்த நேரம் இருக்கு பாரு... அங்கதான் பெரிய பெரிய புரோகிராமரெல்லாம் குடியிருக்கான்.

— குடியிருக்கானா, குடிச்சிருக்கானா?

— வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ணியே சொல்லிருக்காங்க.

— யாரு? சாராயக் கம்பெனிக்காரங்களா? உங்க பக்கத்து சீட்டு ரிஃபாத் அண்ணன் ஒரு சொட்டு தொடமாட்டாரு. அவருக்கு எந்தக் கதவு தொறக்குது?

— அவன் வேற மாதிரி. டீயைக் குடிச்சுக்கிட்டு, ஒண்ணு ரெண்டுன்னு படிப்படியா ஏறி வருவான். எனக்கு அப்படி வராது. பாய்ஞ்சு வரும். இல்லாமலா உங்க ஊரு தக்காளி மண்டி மொத்தமும் என் புரோகிராம்ல ஓடுது? எந்தப் பெட்டி எந்த லாரியில போகுது, எது கேரளாவுலேருந்து அழுகல்னு திரும்பி வருது... எல்லாம் போதையில எழுதுனது. காலையில எந்திரிச்சா என்ன எழுதுனேன்னே ஞாபகம் இருக்காது. தலைவலியோட அப்படியே அனுப்பிவிடுவேன். சாயங்காலம் பாத்தா எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுறான்.

— ஓலை தீந்துரும்னீங்களே, வாங்க போலாம்.

— இரு. நாளைக்குச் சேதி தெரியுமா உனக்கு? கொச்சியிலேருந்து ஆளுக வாராங்க. அந்தப் பக்கத்து மண்டிக்கும் எங்க புரோகிராம்தான் வேணுமாம். ஆனா அவங்க கண்ணு முன்னாடி, எங்க ஆபீஸ்ல உக்காந்து, அவங்க கேக்குற மாதிரி எழுதிக் காட்டணும். புடிச்சுப்போச்சுன்னா நான்தான் டீம் லீடர். சொதப்புனா... "ஆனந்து, கம்பெனியே உன் கையிலதான்டா"ங்கிறாரு சேவியர் அண்ணன். முதலாளியே அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்? நான் வீட்ல உக்கார வேண்டியதுதான்.

— ஆபீஸ்லயா?

— ஆபீஸ்லதான்.

— வீட்டுக்குக் கொண்டாந்து எழுதக் கூடாதுங்களா? ஒரு ராத்திரி மட்டும்?

— கூடாது. ஏன், வீட்டுல எழுதுனா உனக்கென்ன? ஆபீஸ்ல எழுதுனா உனக்கென்ன?

— சும்மாதான் கேட்டேன்.

— சும்மா கேட்டவளுக்கு மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?

— வெயிலு.

— வீட்டுக்குள்ள ஏதுடி வெயிலு? சரி, நீயே சொல்லு. இந்த பாட்டில் அண்ணன் குடுத்தது. "உன் மூளைக்குப் பெட்ரோல்"னு கையில திணிச்சாரு. நாளைக்குக் குடிச்சிட்டு உக்காரவா, குடிக்காம உக்காரவா?

— யோசிக்கிறனுங்க.

— யோசிக்கிறியா! பாட்டிலைக் கண்டாலே பேயாட்டம் ஆடுவ. போன வருசம் அண்ணன் வீட்டு விசேசத்துல எல்லார் முன்னாடியும் எம் மானத்தை வாங்குன. இன்னொரு தடவை குடிச்சா ஒட்டன்சத்திரத்துக்குப் பஸ் ஏறிருவேன்னு பொட்டியைக் கட்டுன. இப்ப "குடிக்காத"ன்னு ஒத்த வார்த்தை சொல்ல உனக்கு இம்புட்டு நேரமா?

— எனக்குத் தெரியலீங்க. குடிக்கோணுமா வேண்டாமான்னு... நெசமாத் தெரியல.

— நீ என்னமோ மறைக்கிற.

— பாட்டிலைத் துண்டுல சுத்துனது நானா, நீங்களா?

— பேச்சை மாத்தாத. போன வாரம் பழசை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, முதல்லேருந்து புதுசா ஒண்ணு எழுதி அனுப்புனேன்ல? வெள்ளிக்கிழமை? அதைத்தான் நாளைக்குக் கொச்சிக்காரங்களுக்குக் காட்டப் போறாங்க. அண்ணன் அதைப் போன்ல வாசிச்சுக் காமிச்சாரு. அழுகல்னு திரும்பி வர்ற பெட்டியை ஒதுக்கி வைக்க அதுல ஒரு இடம் இருக்கு. அதுக்கு என்ன பேரு வச்சிருக்கு தெரியுமா?

— என்னங்க?

— அக்கட்ட. "இதென்னடா ஆனந்து, கெட்ட வார்த்தையா?"ங்கிறாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அக்கட்டன்னா தள்ளி, ஒரு ஓரமா. அது உங்க ஒட்டன்சத்திரத்துப் பேச்சு. நான் நாகல்நகர்ல பொறந்து வளந்தவன். என் வாயில அந்த வார்த்தை ஆயுசுக்கும் வந்ததில்ல.

— வெள்ளிக்கிழமை அனுப்புனதுலயா? நல்லாக் கேட்டீங்களா?

— ரெண்டு தடவை வாசிச்சாரு.

— போதையில வந்திருக்கும்.

— போதையில கொங்குப் பேச்சு வருமா?

— ஏன் வராது? ஒருநாள் போதையில இந்தியே பேசுனீங்க.

— விளையாடாத அறிவு. இந்தக் குருத்து ஞாயித்துக்கிழமை அதுவுமா என் கண்ணைப் பாத்துச் சொல்லு. நான் தூங்குனப்புறம் என் லேப்டாப்பைத் தொறந்தியா, இல்லையா?

— தொறந்தேன்.

— எதுக்கு?

— எதுக்கா? எதுக்குன்னா கேக்குற? கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட ஒருநாள் கீபோர்டு மேலயே மூஞ்சிய வச்சுக் கெடந்த. தூக்கிப் படுக்க வச்சிட்டு, என்னதான் எழுதிருக்கன்னு பாத்தேன்டா. ஒரே பெட்டிய மூணு லாரில ஏத்திருந்த! நத்தத்து மாங்காய்க்கும் ஒட்டன்சத்திரத்துத் தக்காளிக்கும் ஒரே நம்பரு. அது மேல குறிப்பு வேற... "இது ஞானத்தின் உச்சம். இதைத் தொடுறவன் முட்டாள்"னு.

— நானா எழுதிருந்தேன்?

— நீதான். தொட்ட அந்த முட்டாள் நான்தான். விடிய விடிய உக்காந்து சரி பண்ணேன். அக்கட்டன்னு பேரு வச்சது நான்தான். தை மாசத்துல, அந்தப் பழைய புரோகிராம்ல. காந்திகிராமத்துல படிக்கிறப்ப என் பேப்பரைப் பாத்து எழுதித்தானடா நீ பாஸான! மறந்துட்டியா?

— மறக்கல.

— காலையில நீ எந்திரிச்சு அனுப்புவ. சாயங்காலம் பூரிச்சுக்கிட்டு வருவ. "பாத்தியா, ரெண்டு ரவுண்டு மூளை!"ன்னு பாட்டிலுக்கு முத்தம் குடுப்ப. எனக்கு வயிறு எரியும்டா. எரியும்! நான் சரி பண்ணப் பண்ண அந்தச் சனியனுக்குத்தான் பேரு. சரி பண்ணலேன்னா உன் வேலை போயிரும். சொன்னா நீ நொறுங்கிருவ. நான் என்ன பண்ணட்டும்?

— அறிவு... அந்த பாட்டிலைத் தொற.

— எதுக்கு? எனக்கும் ஒரு ரவுண்டா?

— தொறந்து மோந்து பாரு. என்ன வாசம்?

— காப்பி... கருப்பட்டிக் காப்பி!

— கடுங்காப்பி. நேத்து போட்டது.

— அப்ப சரக்கு?

— கழுவுற தொட்டியில ஊத்திட்டேன். ஒரு மூடி மட்டும் வச்சுக்கிட்டு, சாயங்காலம் சட்டைக் காலர்ல சென்ட்டு மாதிரி தடவிக்குவேன். உனக்கு வாசம் வரணும்ல.

— ஏலக்காய்?

— குடிக்காதவன் எதுக்குடி ஏலக்காய் மெல்லப் போறான்? நீ சந்தேகப்படணும்னுதான் மென்னேன்.

— பைத்தியமா உனக்கு? ஊர்ல அவனவன் குடிச்சிட்டுக் குடிக்கலேம்பான். நீ குடிக்காம எதுக்குடா குடிகார வேசம் போட்ட?

— தவசு தொடங்குன சாம்பல் புதன் அன்னிக்கு ராத்திரி முழிப்பு வந்துச்சு. தண்ணி குடிக்கலாம்னு எந்திரிச்சா, நீ லேப்டாப் வெளிச்சத்துல உக்காந்து தட்டிக்கிட்டிருக்க. நெத்தியில கோயில்ல பூசுன சாம்பல்கூடக் கலையல. செத்துரலாம் போல இருந்துச்சு. அன்னிக்கோட விட்டேன். சத்தியமா ஒரு சொட்டு தொடல.

— விட்டா நல்லதுதான! எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?

— சொன்னா நீ நிறுத்திருவியே. புருசன் தெளிஞ்சுட்டான், இனி அவன் பொழப்பை அவன் பாத்துக்குவான்னு நீ பாட்டுக்குத் தூங்கிருவ. நான் எழுதுனது அப்படியே ஆபீஸுக்குப் போகும். எனக்கு ஒண்ணும் வராதுன்னு ஊருக்கே தெரிஞ்சுரும். குடிகாரப் புருசனா இருந்தாத்தான் நீ முட்டுக் குடுப்ப. அதான் கட்டில்ல கெடந்து உளறுன மாதிரி நடிச்சேன். நீ எந்திரிச்சுப் போற சத்தம் கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கமே வரும்.

— சண்டாளா...

— என்ன வேணா திட்டு. பூசை முடிஞ்சதும் நேரா சேவியர் அண்ணன் வீட்டுக்குப் போவோம். எழுதுனதெல்லாம் இவதான் அண்ணேன்னு சொல்லிர்றேன். நாளைக்கு அந்த நாற்காலியில நீ உக்காரு. அது உன் எடம்.

— சாம்பல் புதன்லேருந்தா குடிக்கல?

— அதான் சொன்னேனே. ஏ, ஏன்டி அழுவுற? விட்டதுக்கு அழுவுறியா?

— நான் பயந்தே செத்தேன்டா. அந்த சாம்பல் புதனுக்கப்புறமும் தெனமும் தொறந்து பாத்தேன். தப்புத் தேடித் தேடிப் பாப்பேன். ஒரு பிசிறு இருக்காது. சட்டையில சாராய நாத்தம், எழுத்துல அம்புட்டு சுத்தம்! அய்யோ, இவன் சொன்னது நெசந்தானோ, அந்தச் சனியன்தான் எழுதுதோன்னு... அதனாலதான் இப்ப "குடிக்காத"ன்னு சொல்ல எனக்கு நாக்கு எழல.

— இரு, இரு. பாத்தேங்கிற. பாத்துத் திருத்துனேன்னு சொல்லு.

— ஒரு எழுத்துகூடத் தொடலடா.

— பொய்.

— ஆண்டவர் மேல சத்தியம்.

— கோயிலுக்குப் போற நேரத்துல பொய்ச் சத்தியம் பண்ணாத. நாளைக்கு நான் கையை விரிச்சுட்டு ஓடிரக் கூடாதுன்னு என்னைத் தேத்துற. எனக்குத் தெரியாதா? நீ திருத்தி வச்சிருப்பியேன்னு, காலையில அதைத் தொறந்து பாக்கவே தைரியம் இல்லாமத்தான் அனுப்புவேன். நீ தொடலேன்னா வெள்ளிக்கிழமை புரோகிராம்ல அக்கட்ட எப்படி வந்துச்சு? முழுக்கப் புதுசா எழுதுனது அது. அந்த வார்த்தை எனக்கு வராதுங்கிறேன்ல!

— செத்த முன்ன உள்ள நுழையிறப்ப, இந்தக் காய்கறிக் கூடையை எங்க வைக்கச் சொன்ன?

— கூடையா? இப்ப எதுக்குக் கூடை?

— சொல்லு. கால்ல தட்டுதுன்னு எங்க வைக்கச் சொன்ன?

— ஓரமா... ஓரமா வைன்னேன்.

— ஓரமான்னா சொன்ன? நல்லா யோசி. கல்யாணமாகி இத்தன வருசம் எங்கூட இருந்திருக்க. சொன்ன வார்த்தையச் சொல்லுடா.

— ...அக்கட்ட.