மூன்று வினாடி ஷெனாய்

— இன்னா சார் நீங்க, மூணு தபா சொல்லிட்டேன். இந்தப் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

— ஞானம்மா, கொஞ்சம் பொறுமையா கேளுங்கோ. நான் யார்னு தெரியுமோல்லியோ? ஸ்ரீவத்சன். 'தேவகானம்' பத்திரிகையோட ஆசிரியர். இசைமேதை தேவானந்தம் ரசிகர் பேரவை, மேற்குத் தாம்பரம், அதோட தலைவர். பதினெட்டு வருஷமா இந்தப் பீர்க்கன்கரணை விலாசத்துக்கு மாசாமாசம் பத்திரிகை அனுப்பறவன்.

— தெரியும் சார். பாட்டுப் போட்டவர் படத்தவிட உங்க படந்தான் அதுல பெருசா வருது.

— அது லேஅவுட் கோளாறு. கிட்டு, நீ விளக்கிச் சொல்லு.

— அம்மா, நான் கிட்டு. பேரவைச் செயலாளர். நாவலூர் ஆஃபீஸ்ல லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். டெக்னிக்கலா பார்த்தா ரொம்பச் சின்ன விஷயம். 'சாலையோரப் பூவரசு' பாட்டு இருக்குல்ல? ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வயலின் நின்ன உடனே மூணு செகண்டுக்கு ஒரு சத்தம் வரும். 'ங்ங்ஆ'ன்னு. அதை எடுத்துட்டு, பாட்டைச் சுத்தம் பண்ணி மறுபடி வெளியிட ஆடியோ கம்பெனி ஒத்துக்கிச்சு. பேரவை ஒருமனதா கடிதம் குடுக்கணும். அவ்வளவுதான்.

— ஒருமனதுன்னா எல்லாரும் போடணுமே சார்.

— எல்லாரும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

— எல்லாருன்னா எத்தினி பேரு?

— ஐந்நூறு பிரதின்னு பத்திரிகையிலேயே பதிவாகியிருக்கே ஞானம்மா.

— பதிவு கெடக்கட்டும் சார். எத்தினி பேரு?

— டெக்னிக்கலா பன்னிரண்டு. உங்களையும் சேர்த்து.

— கிட்டு.

— சாரி சார்.

— அப்போ வாசகர் கடிதம்னு ரெண்டு பக்கம் வருதே? துபாய்லேர்ந்து ஸஹானான்னு ஒரு பொண்ணு உருகி உருகி எழுதுதே?

— அது நான்தாம்மா.

— நீயா? போன மாசம் புருசங்காரன் பாட்டு கேக்க வுடல, அழுதேன்னு எழுதியிருந்துச்சே தம்பி.

— கொஞ்சம் உணர்ச்சியா இருக்கட்டும்னு சார் சொன்னார்.

— நல்லா இருந்துச்சி. நான் அந்தப் பொண்ணுக்காக ஜெபம் பண்ணேன்.

— இருக்கட்டும், விஷயத்துக்கு வருவோம். ஞானம்மா, உங்க ஒரு கையெழுத்து இல்லாம கடிதம் நகராது. விதி பதினாலு அப்படி. 'ஆயுள் சந்தாதாரர் ஒருவர் ஆட்சேபித்தாலும் பேரவையின் பெயரில் எக்கடிதமும் செல்லாது.'

— இப்பிடி ஒரு விதிய எவன் எழுதினான்?

— நான்தான். ஷ்யாம்சுந்தர்னு ஒருத்தர் நம்ம பேரவையில பொருளாளரா இருந்தார். அவர் எதையும் நிறைவேத்திடக் கூடாதேன்னு எழுதினேன். விதி பாஸான மறுவாரமே அவர் பிரிஞ்சு போய் கிழக்குத் தாம்பரத்துல தனிப் பேரவை வெச்சுட்டார். விதி மட்டும் என்கிட்ட மாட்டிண்டுடுத்து.

— ரெண்டு பேருக்கும் இன்னா சண்டை?

— அந்த மூணு வினாடிதான் சண்டை. அது ஷெனாய்னு நான் ஆவணப்படுத்தியிருக்கேன். ஈரமான சீவாளியில, மூச்சை உள்ள இழுத்து வாசிச்ச ஷெனாய். 'அந்த மூன்று வினாடிகள்'னு முப்பத்திரண்டு மாசம் தொடர் எழுதினேன். ஷ்யாம்சுந்தர் அது ஜப்பான் சிந்தசைசர்ங்கறார். அதுலேர்ந்து தேவானந்தம் பிறந்தநாளுக்கு ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு கேக், இந்தப் பக்கம் ஒரு கேக். சப்வேல எதிர எதிர வந்தாக்கூட முகத்தைத் திருப்பிக்கறோம்.

— பாட்டுப் போட்டவரையே கேட்டிருக்கலாமே.

— கேட்டோம்மா. போன வருஷம் அவர் வீட்டுக்கே போனோம். 'எந்தப் பாட்டு?'ன்னார்.

— மேதைகள் அப்படித்தான் பேசுவா. அந்த ஒரு வாக்கியத்தைப் பத்தி நாலு பக்கம் விமர்சனம் எழுதியிருக்கேன்.

— அப்புறம் நான் அது என்ன சத்தம்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன். இரைச்சல் எழுபத்தெட்டு சதவீதம், பூனை பதினாலு சதவீதம், மீதி தெரியலைன்னு வந்தது.

— பூனைன்னு வந்தப்புறம் எப்படி ஞானம்மா வெளியில தலைகாட்ட முடியும்? கிழக்குக்காரா மீம் போட்டுட்டா. அதான் முடிவெடுத்தேன். சத்தமே இல்லேன்னா சண்டையும் இல்ல. நான் எழுதின முப்பத்திரண்டு பாகம் மட்டும் நிக்கும்.

— சத்தத்த எடுத்துட்டு, அதப் பத்தி எழுதினத மட்டும் வெச்சிக்குவீங்களா?

— ஆய்வுன்னா அதுதான்.

— தம்பி, நீ சொல்லு. எதிர் வூட்டுப் பொண்ணு எனக்கு ஃபோன்ல அந்தப் பாட்ட எடுத்துக் குடுத்துச்சி. புதுசு வந்துட்டா, ஃபோன்ல இப்போ கீற பழசு இன்னா ஆவும்?

— போயிடும்மா. டெக்னிக்கலா அதுக்கு மேலயே இதைப் போட்டுடுவாங்க.

— கேசட்டு?

— அது இருக்கும். உங்ககிட்ட இருக்கா?

— இருந்துச்சி. டேப்பு சிக்கி அறுந்து மூணு வருசமாச்சி. ஒட்டிக் குடுக்க ஆளு கெடைக்கல.

— அதான் சொல்றேன், புதுசு பளிச்சுனு இருக்கும். கையெழுத்துப் போடுங்கோ. வைர உறுப்பினர் அட்டை தரேன். அட்டையில உங்க பேர் தங்க எழுத்துல வரும்.

— எனக்கு அட்டை வேணாம் சார்.

— அப்போ ஒண்ணு கேக்கறேன், நேர்மையா பதில் சொல்லுங்கோ. நீங்க கிழக்குத் தாம்பரம் ஆளா? மாசாமாசம் ஒரு போஸ்ட்கார்டு வரும். 'ஷெனாய் இல்லை. தவறு. ஞானம்மாள்.' வேற ஒரு வார்த்தை இருக்காது. எனக்கு ரத்தக் கொதிப்பே அதுலேர்ந்துதான்.

— நான் எந்தக் கட்சியும் இல்ல சார். ஷெனாய் இல்ல, அதான் இல்லன்னு எழுதினேன்.

— பிடிக்கலேன்னா எதுக்கு ஆயுள் சந்தா கட்டினேள்? தேவானந்தத்தோட வேற பாட்டு ஏதாவது கேட்டிருக்கேளா?

— பெருசா கேக்க மாட்டேன். எனக்கு அவர் பாட்டு அவ்ளோ ஒட்டாது.

— கிட்டு, இதை மினிட்ஸ்ல எழுதிக்கோ.

— அந்த மூணு செகண்டப் பத்தி மாசாமாசம் ஒருத்தர் உக்காந்து எழுதறாரே, அதுக்குத்தான் சார் கட்டினேன். எழுதறது அத்தினியும் தப்பு. ஆனா எழுதறாரே.

— என் தொடருக்காகவா?

— முப்பத்திரண்டும் வெச்சிருக்கேன். பைபிளுக்குக் கீழ.

— கிட்டு, மினிட்ஸ்ல எழுதினதை அடிச்சுடு. ஞானம்மா, பதினெட்டு வருஷத்துல என் தொடரை முழுசா படிச்சேன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான். என் ஆத்துக்காரியே பத்தாவது பாகத்துல நிறுத்திட்டா. இப்பச் சொல்லுங்கோ, ஷெனாய் இல்லேன்னு அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றேள்?

— நான் அங்க இருந்தேன் சார்.

— எங்க?

— அந்த ரெக்கார்டிங்ல. கடப்பேரி சர்ச்சு கொயர்ல பாடிக்கினு இருந்தவள, கோரஸுக்கு ஆளு சேக்குற ஒரு மேஸ்திரி கோடம்பாக்கத்துக்கு இட்டுகினு போனாரு. கோரஸ்ல அஞ்சு பொம்பளைங்க. நான் ஓரத்துல நின்னேன். எம்பத்தேழு, ஆடி மாசம்.

— அம்மா, நீங்க அந்தப் பாட்டுல பாடியிருக்கீங்களா?

— 'லாலா'ன்னு ஆறு தபா பாடினேன் தம்பி. பேரெல்லாம் போட மாட்டாங்க.

— ஒரு நிமிஷம். தேவானந்தம் நாப்பத்தோரு நாள் மௌனவிரதம் இருந்துதான் அந்த நாதத்தைக் கண்டுபிடிச்சார்னு ஏழாவது பாகத்துல பதிவாகியிருக்கு.

— மௌனமா? அன்னிக்கி அவரு திட்டாத ஆளே இல்ல. காத்தாலேர்ந்து பதினேயு டேக்கு. பதினேயாவதுல எல்லாம் சரியா வந்துகினே இருந்துச்சி. வயலின் நின்னுச்சி. அப்போ பெட்ஷீட்டுல தூங்கிக்கினு இருந்த கொயந்த முழிச்சிகிச்சி.

— குழந்தையா?

— என் கொயந்த. வூட்டுல பாத்துக்க ஆளில்ல, இட்டாந்து மூலையில படுக்க வெச்சிருந்தேன். ஒரு தபாதான் சிணுங்குச்சி, ஓடிப் போய்த் தூக்கிட்டேன். அதுக்குள்ள டேப்புல ஏறிடிச்சி.

— அப்போ அது ஷெனாய் இல்லையா?

— ஏயு மாசக் கொயந்த சார். பசி.

— தேவானந்தம் என்ன சொன்னார்? 'இதுவே தெய்வ நாதம், இருக்கட்டும்'னாரா?

— இன்னொரு டேக்குன்னாரு. வயலின்காரங்க எழுந்துட்டாங்க, அடுத்த கால்ஷீட்டுக்கு டைம் ஆயிடிச்சின்னு. அவரு ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, 'போதும்பா, இதையே வுட்டுடுங்க, எவன் கவனிக்கப் போறான்'னாரு.

— நான் கவனிச்சேன்.

— ஆமா சார். நீங்க கவனிச்சீங்க.

— பூனை பதினாலு சதவீதம்னு வந்தது தப்பில்ல சார். டெக்னிக்கலா ரொம்பக் கிட்ட வந்திருக்கு.

— பேசாம இரு கிட்டு. ஷெனாயும் இல்ல, ஜப்பானும் இல்ல. அப்போ ஷ்யாம்சுந்தரும் தோத்துட்டார்னுதானே அர்த்தம்?

— ஆமா சார்.

— கிட்டு, அந்தப் படிவத்தைக் கிழி.

— சார், பதினோரு கையெழுத்து வாங்கியிருக்கோம்.

— கிழிங்கறேன். கம்பெனிக்கு இன்னிக்கே ஃபோன் போடு. அந்தச் சத்தத்துல கை வெச்சா பேரவை தீக்குளிக்கும்னு சொல்லு.

— யாரு சார் குளிக்கறது?

— சும்மா சொல்லு. அடுத்த இதழ் சிறப்பிதழ். என் படம் வேண்டாம், அட்டையில அந்தக் குழந்தை. 'அறியப்படாத கலைஞர் கண்டுபிடிக்கப்பட்டார்.' கிழக்குத் தாம்பரத்துக்கு இலவசமா பத்துப் பிரதி அனுப்பு.

— ரீல்ஸும் போடலாம் சார். அந்தக் குழந்தைக்கு இப்ப என்ன, முப்பத்தெட்டு வயசு இருக்குமா? மைக்கைக் குடுத்து அதே மாதிரி ஒரு தடவை சிணுங்கச் சொல்லலாம். செம வைரல் ஆகும்.

— பேர் என்ன ஞானம்மா?

— ஏஞ்சல்.

— ஏஞ்சல். தலைப்புக்குன்னே வெச்ச பேர். கௌரவ ஆயுள் உறுப்பினர் நம்பர் பதிமூணு, எழுதிக்கோ கிட்டு. எங்க இருக்கா? கல்யாணமாகி வெளியூரா, வேலைக்குப் போறாளா? நம்பரைக் குடுங்கோ, இப்பவே பேசிடறேன்.

— பாட்டு வெளிய வந்த மாசமே காய்ச்சல்ல போயிட்டா சார். பதினோரு மாசம். ஒரு போட்டோ கூட எடுக்கல. அந்த மூணு செகண்டுல மட்டுந்தான் கீறா.