இடது பக்கத்து இயர்போன்

விளக்கு வைக்கிற நேரம். செவிலிமேட்டுக்கு வருகிற பாலாற்றுப் பாலம். கீழே தண்ணீர் இல்லை, மணல்தான். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை...

கிட்ட வாங்க. சத்தமாகச் சொல்கிற கதை இல்லை. நம்ம தர்மனுடைய சித்தப்பா மகன் யுவராஜுக்கு நடந்தது.

அவன் மனைவி துளசிக்கு ஒரு வெளிநாட்டு ராக் பேண்ட் என்றால் உயிர். ரேடியோ இரைச்சல், இரும்பை இழுக்கிற சத்தம், நடுவில் ட்ரம்ஸ். தாளம் ஒரு கணக்கில் நிற்காது. வண்டியில் போகும்போது இயர்போனின் வலது முனை அவன் காதில், இடது முனை அவள் காதில். தாளம் தப்பாமல் அவன் தோளில் விரலால் தட்டிக்கொண்டே வருவாள்.

"என்னாம்மா இது, கிரில் பட்டறை மாதிரி இருக்குது" என்று கழற்றிவிடுவான்.

"மொத ஆல்பத்துலேந்து வரிசையா கேளுப்பா. அப்பதான் புடிபடும்."

கேட்கவில்லை. அவள் காய்ச்சலில் போய்விட்டாள்.

கொள்ளி வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். நடந்தான். சட்டைப் பையிலிருந்து அவளுடைய இயர்போன் நழுவி விழுந்தது. திரும்பினான். எடுத்தான். தீயையும் பார்த்தான்...

அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. அவள் சொன்னதையாவது செய்வோம் என்று முதல் ஆல்பத்தைப் போட்டான். செய்யாறு பக்கம் கம்பெனியில் வேலை. திரும்பி வரும் வழியில் கேட்டான். வலது முனை காதில். இடது முனையைத் தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டான். பழக்கம்.

முதல் ஆல்பம் வெறும் இரைச்சல். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததில், பாலத்தின் நடுவே, இரைச்சலுக்குள் ட்ரம்ஸ் எழுந்தது. அப்போது...

தோளில் ஒரு தட்டு. இன்னொன்று. ஈரத் தலைக்குப் போட்ட சாம்பிராணி வாசனை.

அவன் பயப்படவில்லை. பயப்பட அவனிடம் எதுவும் மிச்சமில்லை. ஆல்பங்கள் தீர்ந்தால் இந்தத் தட்டலும் நின்றுவிடுமே என்ற ஒரு நினைப்புதான்.

தீர்ந்தன. கொஞ்ச நாளில் அந்த பேண்ட் புதிதாக ஒன்று வெளியிட்டது. துளசி கேட்டிராத ஆல்பம்.

போட்டுவிட்டுப் பாலம் ஏறினான். தட்டல் இல்லை. பாதிப் பாலம்... இல்லை. பிறகு, தயங்கி, ஒன்று. தப்பு. நின்றது. மறுபடி ஒன்று. அதுவும் தப்பு. புதிதாகக் கேட்கிற ஆள் தடவித் தடவித் தேடுகிற மாதிரி... பாலம் இறங்குவதற்குள் தாளத்தைப் பிடித்துவிட்டது.

போன வாரம் பஸ்ஸைத் தவறவிட்ட தர்மன் அவன் வண்டியில் ஏறியிருக்கிறான். வண்டியில் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடி இரண்டும் இல்லை. ஏன்டா என்று கேட்டதற்கு, இனிமேல் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றானாம். தர்மன் உட்கார்ந்ததும் யுவராஜ் மெதுவாகச் சொன்னான்.

"இன்னும் கொஞ்சம் பின்னால போண்ணா."

கடைசிக் கம்பி வரை தள்ளி உட்கார்ந்தான். நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் காலி.

பாலத்தில் நல்ல காற்று. யுவராஜின் சட்டை படபடத்தது. தோளுக்குப் பின்னால் வந்த அந்த வயர் மட்டும் ஆடவில்லை. தொங்கவும் இல்லை.

காலி இடத்தில்... ஒரு காது உயரத்தில்... நின்றது.