லயத்துச் சுவரில் ஒட்டிய படங்கள்

டிக்கோயாவிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கும் காம்பிரா வீடுகளில் ஒன்றில் குடியிருக்கும் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“செத்தவங்களையா கொண்டாந்து சாமி படத்தைச் சுத்தி ஒட்டுவீங்க?” என்றார் அந்த அம்மா.

“பழைய பேப்பர் ஒட்டினா செவரு அழகா இருக்கும்னு நீதானே சொன்ன? எல்லாரும் நல்லா உடுத்தி, சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கல்யாணப் படம்னு நெனச்சேன்.”

“அது மரண அறிவித்தல். பக்கத்துக் காம்பிராப் புள்ள படிச்சுச் சொல்லிச்சு. நாளைக்கு நம்ம பொண்ணைப் பாக்க வர்றாங்க. கிழிச்சு எடுங்க.”

“மாவுப் பசை காஞ்சிருச்சு. பிச்சா சுண்ணாம்பும் சேந்து வருது.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பொண்ணு பாக்க வர்றவங்க செவத்தையா படிக்கப் போறாங்க?” என்றார் கணவர்.

“மாப்பிள்ளை வாத்தியாருங்க.”