ரங்கசாமி ரிட்டையர் ஆன பஸ்

நான் மூணாவது வரைதான் படித்தவன். ஆனாலும் சிகந்திராபாத்தில் சொந்தக் கையால் மூன்று கடை திறந்தவன். என் காதுக்குத் தப்பி எந்தப் பேச்சும் போகாது. எண்பதாம் வருஷம் ஒருநாள், திருமுல்கேரி பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு பெரியவர், அவர் மகன், மடியில் கைக்குழந்தையோடு மருமகள். மகனுக்குக் கப்பல் கருவி செய்கிற சர்க்கார் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“நாளைக்குப் பேர் வைக்கிறோம். பேரனுக்கு என் பேர்தாண்டா, ரங்கசாமி.”

“நக்கோப்பா, வேண்டாம். கடற்படையில ஒரே பேர்ல ரெண்டு கப்பல் ஓடாது. ‘டெல்லி’ ரிட்டையர் ஆயிடுச்சு, இனிமே அந்தப் பேரைப் புதுசுக்கு வைக்கலாம். ‘மைசூர்’ இன்னும் ஓடுது, அதை வைக்க முடியாது.”

“அப்ப நான் செத்தாத்தானா?”

“சாக வேண்டாம்ப்பா. ரிட்டையர் ஆனாப் போதும்.”

பெரியவர் யோசித்தார். “சரி, இந்த நிமிஷமே ரிட்டையர். என் பேரை அவனுக்கு வை. ‘டெல்லி’ சும்மாதானே கிடக்கு, அதை எனக்கு வை.”

“மாமா, உங்க பேரைச் சொல்லிப் பிள்ளையை எப்படித் திட்டுவேன்?” என்றாள் மருமகள்.

“இப்ப அது என் பேரே இல்லையேம்மா. தாராளமாத் திட்டு.”

அடுத்த ஸ்டாப்கூட வரவில்லை. “டேய் ரங்கசாமி, நனைச்சுட்டியேடா!” என்று கத்தினாள்.

டெல்லி பதறிப்போய்த் தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டார்.