மடையடிப் பாட்டு

டிசம்பர் மாத நத்தார் விடுமுறை. தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில் மழைக்குக் கண்ணாடிகளைச் சாத்தியிருந்தார்கள். பாதித் தூக்கத்தில் இருந்த என்னை முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மாவின் குரல் எழுப்பியது.

"பாட்டைக் கேட்டிட்டு என்ரை மனிசன் மண்வெட்டியோட வயலுக்கு ஓடினவர்."

பக்கத்தில் இருந்த இளம்பெண் திரும்பினாள். "என்ன கதையக்கா இது?"

"தங்கச்சியின்ரை மகள் நோர்வேயில இருந்து லீவுக்கு வந்து நிக்கிறாள். புதுவிதமா மியூசிக் செய்யிறவள். தான் செய்ததைப் போட்டுக் காட்டினாள். மெட்டுமில்லை, சொல்லுமில்லை. தண்ணி ஓடுற மாதிரி ஒரு சத்தம், அதுக்குள்ள ஆரோ தூரத்தில முனகிற மாதிரி. நாங்கள் சிரிச்சுப்போட்டம். பிள்ளைக்கு முகம் வாடிப்போச்சு."

"அவரும் சிரிச்சவரோ?"

"அவர் கதிரையில நித்திரை. திடீரெண்டு எழும்பி, வரம்பு உடைஞ்சிட்டுது எண்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவளுக்குச் சந்தோசத்தில கண் கலங்கிப்போச்சு."

"வரம்பு உடைஞ்சதோ?"

"இல்லை. ஆனா அண்டு தொடக்கம் பின்னேரத்தில கதிரையைக் கொண்டுபோய் வயலுக்குத் தண்ணி பாயிற மடையடியில இருக்கிறார்."

"அங்க இருந்து என்ன செய்யிறார்?"

பஸ் மெதுவாக ஒரு பாலத்தில் ஏறியது. கீழே மழைவெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது.

"நானும் கேட்டனான். பாட்டு இன்னும் முடியேல்லையாம்."